விளிம்பு யாருடையது?

புகைப்படத்தில் கோடு கிடையாது. பென்சிலால் வரைகிறவன் முதலில் இழுப்பது கோட்டைத்தான். மூக்கு எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அவனே சொல்லிவிடுகிறான். புகைப்படம் அப்படி எதையும் சொல்வதில்லை. வெளிச்சம் கூடியும் குறைந்தும் விழுந்த புள்ளிகள் மட்டுமே அதில் இருக்கின்றன. இது முகத்தைச் சேர்ந்தது, இது சுவரைச் சேர்ந்தது என்று எந்தப் புள்ளியின் மேலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே ஒரு படத்திலிருந்து ஒரு ஆளையோ மரத்தையோ தனியாக வெட்டியெடுக்க உட்காருகிறவன், அங்கே இல்லாத ஒன்றின் மேல் கத்தரியை ஓட்ட வேண்டியவனாகிறான். கம்ப்யூட்டரில் இதற்கென்று வந்திருக்கும் மென்பொருள்களில் இந்த வேலை வெகு சாதாரணமாக நடந்துகொண்டிருக்கிறது. சாதாரணமாக நடக்கிறது என்பதாலேயே அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

தீப்பெட்டி, புத்தகம், பீரோ போன்றவற்றில் சிரமமில்லை. நான்கு மூலைகளையும் தொட்டால் போதும். அவை தம் விளிம்பைத் தாமே ஒப்புக்கொடுத்துவிடும். ஒழுங்கற்ற பொருள்களில்தான் விஷயம் இருக்கிறது. தலைமயிர், மல்லிகைச் சரம், வேப்பமரம், புகை, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளர். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் எழுதிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோதே அதில் லாஸோ என்ற சுருக்குக் கயிறு இருந்தது. மேய்கிற மாட்டின் கழுத்தில் கயிற்றை வீசி மாட்டுவதுபோலப் பொருளைச் சுற்றிக் கையால் ஒரு கோடு போட்டுவர வேண்டும். போடுகிறவனின் கைநடுக்கமெல்லாம் கோட்டில் வந்துவிடும். 1998இல் காந்த லாஸோ வந்தது. கை சற்று விலகினாலும் கோடு போய்ப் பொருளின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதே மாதிரியான யோசனையை 1995இல் மார்ட்டென்ஸன், பாரெட் என்ற இருவர் 'புத்திசாலிக் கத்தரி' என்ற பெயரில் வெளியிட்டிருந்தார்கள். ஒரு பிக்ஸலிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு செலவு உண்டு என்று வைத்துக்கொள்வது. வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தில் செலவு குறைவு, மாறாத இடத்தில் அதிகம். ஆரம்பித்த புள்ளியிலிருந்து கை நிற்கும் புள்ளிவரை மிகக் குறைந்த செலவில் போகும் பாதை எதுவோ அதுவே விளிம்பு. நாள் முழுக்க வரவு செலவுக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. கறுத்த கூந்தலுக்குப் பின்னால் இருண்ட சுவர் இருந்தால் எந்தப் பாதையும் மலிவாக இல்லை. இயந்திரம் சுவருக்குள் நடந்துபோய்விடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவன் தீர்மானித்தாக வேண்டும்.

எதைக் கொண்டு தீர்மானிப்பது? பிளேட்டோவின் 'பைத்ரஸ்' உரையாடலில் ஸாக்ரடீஸ், விஷயங்களை இயற்கையான மூட்டுகளில் வெட்ட வேண்டும், வேலை தெரியாத கசாப்புக்காரன்போல எலும்பை நொறுக்கக் கூடாது என்கிறார். ஆட்டுக்கு மூட்டு இருப்பது உண்மை. ஆட்டின் புகைப்படத்துக்கு இருக்கிறதா? லியனார்டோ தன் குறிப்புகளில் இன்னும் நெருங்கி வருகிறார். தண்ணீரின் மேற்பரப்பு தண்ணீரின் பகுதியல்ல, அதைத் தொடும் காற்றின் பகுதியும் அல்ல என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அவருடைய ஓவியங்களில் உதட்டோரமும் கன்னத்தோரமும் புகைபோலக் கரைந்துபோவதற்கு இந்த எண்ணம் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்கரான பியர்ஸ் கேட்ட கேள்வி இன்னும் தொந்தரவானது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கிறது. பொட்டின் எல்லைக்கோடு கறுப்பா, வெள்ளையா?

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், பதில் சொல்ல வேண்டிய அவசியத்தையே நீக்கினார்கள். விளிம்பில் விழும் பிக்ஸலில் முன்னால் இருக்கும் பொருளின் நிறமும் பின்னணியின் நிறமும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்திருக்கின்றன. அந்த விகிதத்துக்கு ஆல்ஃபா என்று பெயர். இதைக் கொண்டு படத்தின்மேல் படத்தை எப்படி வைப்பது என்று போர்ட்டரும் டஃபும் 1984இல் ஒரு கணிதமே எழுதினார்கள். ஆல்ஃபா வழக்கமாக 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண். அதாவது 'இது அத்தையின் கூந்தலா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே 254 பதில்கள் இருக்கின்றன. நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் சிக்கல் தீரவில்லை. ஒரு பிக்ஸலில் நம் கையில் இருப்பவை மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். கண்டுபிடிக்க வேண்டியவை ஏழு: பொருளின் நிறத்துக்கு மூன்று, பின்னணிக்கு மூன்று, ஆல்ஃபா ஒன்று. மூன்றை வைத்து ஏழைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எத்தனை விடைகள் வேண்டுமானாலும் பொருந்தும். இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தையின் கூந்தல் என்றேன். என் அத்தை 2019இல் இறந்துபோனாள், 63 வயதில். அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவன் போய்விட, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதன்பிறகு அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. பதினாறாம் நாளைக்குள் சட்டம் போட்ட படம் வேண்டும் என்று ஆல்பங்களைத் தேடினோம். அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. இருக்கும் படங்களில் யாருடைய பிள்ளையாவது அவள் இடுப்பில் இருந்தது. அல்லது பந்தியில் கரண்டியோடு குனிந்திருந்தாள். அல்லது வேறு யாருடைய தோளுக்குப் பின்னாலோ பாதி முகம். ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது. அதை மாலை போட்டு மாட்ட வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் 1989இல் சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் முகம் நேராக, தெளிவாக அகப்பட்டது. நிற்கும் வரிசையில் ஓரத்துக்கு அடுத்த இடம். பின்னால் மண்டபத்துத் தூண். இடது இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. ஒரு கை வாயில், மற்றக் கை அவள் தோளைப் பற்றியிருக்கிறது. அந்தக் குழந்தை நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஸ்டூடியோ. படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியதும் அந்தப் பையன் கேட்டான்: "குழந்தையை எடுத்துடலாமா சார்?"

தமிழில் குழந்தையை எடுப்பது என்றால் வாரித் தூக்குவது என்றுதான் அர்த்தம். எத்தனையோ தடவை 'அவனை எடு, அழுகிறான் பார்' என்று அத்தையிடம் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பையன் சொன்னதும் அதே வார்த்தைதான். எடுத்துவிடு தம்பி என்றேன்.

ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் எண்ணெய் வைத்து இறுக்கி வாரியிருந்ததால் கூந்தல் சீக்கிரம் முடிந்தது. காதோரத்தில் பறந்த நாலைந்து மயிர்களை முதலில் சுவரோடு சேர்த்து வெட்டித் தள்ளிவிட்டு, பிறகு மெல்லிய பிரஷ்ஷால் புதிதாகப் போட்டான். "முடி நாமளே போட்டுக்கலாம் சார்" என்றான். வேலையைத் தெரிந்து செய்கிறவன். அவனைக் குறை சொல்லவில்லை. குழந்தை மறைத்திருந்த இடத்தில் புடவை வேண்டும். வலது பக்கத்துப் புடவையைப் பிரதியெடுத்துத் திருப்பி வைத்தான். தோளைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, ரவிக்கையின் நிறத்தால் மூடினான். அப்போது இடது கை மிச்சமிருந்தது. குழந்தையைத் தாங்குவதற்காக மடிந்திருந்த கை. குழந்தை போனபிறகு அது வெறுமனே அந்தரத்தில் எதையோ அணைத்துக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கையையும் எடுத்துவிட்டு மார்பளவாக வெட்டிக்கொள்ளலாம் என்றான்.

அப்படியும் ஒன்று சரியாகவில்லை. இடது இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிறவள் அந்தப் பாரத்துக்கு ஈடாக உடம்பை வலது பக்கம் சாய்ப்பாள். இடது தோள் ஏறி வலது தோள் இறங்கி நிற்கும். பிள்ளையை வெட்டியெடுத்த பிறகும் அத்தை அந்தப் பாரத்தோடு நின்றாள். தெரியாதவர் பார்த்தால் கூன் என்று நினைப்பார்கள். "லேசா திருப்பிட்டா சரியாயிடும் சார்" என்று தோள்கள் மட்டமாகும்வரை மொத்த உருவத்தையும் திருப்பினான். தூண் இருந்திருந்தால் திருப்பியிருக்க முடியாது. தூண் சாய்ந்து குட்டை உடைத்திருக்கும். தூணை முதலிலேயே நீக்கி வெறும் நீலநிறப் பின்னணி போட்டாயிற்று. பின்னணி இல்லாத இடத்தில் எது செங்குத்து என்று யாருக்குத் தெரியும்? படம் நன்றாகவே வந்தது. ஒன்று மட்டும்: தோள்கள் மட்டமானதில் தலை இடது பக்கம் சற்றுச் சாய்ந்துவிட்டது.

இதை ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னபோது, இதில் புதிதாக என்ன தவறு என்று கேட்டார். காமிராவைத் தூக்கும்போதே வெட்டு ஆரம்பித்துவிடுகிறது. சட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்களோ, சமையல்கட்டில் எத்தனை பேர் இருந்தார்களோ, அவர்களையெல்லாம் 1989இலேயே வெட்டியாயிற்று. அப்போது வராத சங்கடம் உனக்கு இப்போது ஏன் என்றார். நல்ல கேள்வி. பார்ப்பதே வெட்டுவதுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் வெட்டுவதும் விளிம்பில் வெட்டுவதும் ஒன்றல்ல.

என் அலுவலக வேலையில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. கணக்கு தொடங்கும் படிவத்தை ஸ்கேன் செய்து, வாடிக்கையாளரின் கையெழுத்தை ஒரு செவ்வகம் போட்டு வெட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சிலர் கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி, கீழே அச்சடித்திருக்கும் வரிகளுக்குள் போய்விடும். செவ்வகம் அந்த வாலை நறுக்கிவிடும். பிறகு செக்கில் வரும் கையெழுத்தோடு திரையில் வரும் கையெழுத்தை ஒப்பிடுகிறவனுக்கு, ஏதோ அறுபட்டிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். ஏனென்றால் மசி நேர்கோட்டில் நின்றுபோயிருக்கும். எந்த மனிதன் கையெழுத்தும் நேர்கோட்டில் முடிவதில்லை. செவ்வகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது: வெட்டியது நான், இதற்கு அப்பாலும் ஏதோ இருந்தது என்கிறது. புகைப்படத்தின் சட்டமும் அப்படித்தான். ஓரத்தில் அரைத் தோளோடு நிற்கும் ஆளைப் பார்த்து, மனிதன் அரைத் தோளோடு பிறந்தான் என்று யாரும் எண்ணுவதில்லை.

விளிம்பில் வெட்டும் வெட்டு வேறு சாதி. அது பொருளின் வளைவுகளைப் பின்தொடர்ந்து போய், பொருளே அங்கே முடிந்துவிட்டது போல் நிற்கிறது. கோட்டை இழுத்தவன் ஒருவன். கோடு பொருளுடையதாகக் காட்டப்படுகிறது. வெட்டு எவ்வளவுக்கு நேர்த்தியோ அவ்வளவுக்கு வெட்டியவன் மறைந்துபோகிறான். என் சங்கடம் இந்த இடத்தில்தான். ஹன்னா ஹோக் 1919இல் சமையலறைக் கத்தியால் வெட்டியதாகப் பெயரிலேயே சொல்லிக்கொண்டு ஒரு ஒட்டுப்படம் செய்தார். அரசியல்வாதிகளின் தலைகள், இயந்திரச் சக்கரங்கள், நடனக்காரிகளின் உடல்கள் எல்லாம் பத்திரிகைகளிலிருந்து வெட்டியவை. கத்தி போன தடம் எங்கும் தெரிகிறது. அதைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் வானத்தை முட்டி நின்ற கட்-அவுட்களும்கூட ஒருவிதத்தில் அப்படித்தான். பின்னால் முட்டுக்கொடுத்திருக்கும் சவுக்குக் கட்டைகள் யாருக்கும் தெரியும்.

பெரியப்பா மகள், எனக்கு மூத்தவள், பதினாறாம் நாளுக்கு வந்திருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். நான் கையைப் பற்றிச் சொன்னேன். அத்தையின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது, அதைப் போய் வெட்டிவிட்டோம் என்கிற தோரணையில் ஏதோ சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை.

"அவ பெத்த பிள்ளையாடா நீ? நீ, உன் தம்பி, நான், என் தங்கச்சி, அப்புறம் எங்க பிள்ளைங்க. முப்பது வருஷம் இடுப்புல யாராவது ஏறிக்கிட்டேதான் இருந்தோம். செத்தப்புறமாவது ஒரு படத்துல இறக்கி வச்சிருக்கீங்களேன்னு நான் நினைக்கிறேன். அதுலயும் நீ வந்து ஏறிக்கணுமா?"

இதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இருந்த பதிலும் அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. உறவுகளிலிருந்து ஒரு ஆளை வெட்டியெடுப்பது அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் வைத்திருந்த எண்ணம், வெட்டப்படுகிறவர் அந்த உறவுகளைத் தாமே தேர்ந்துகொண்டார் என்ற அனுமானத்தின்மேல் நின்றது. குடும்பப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பதில்லை. சிலர் நிற்கிறார்கள், சிலர் நிறுத்தப்படுகிறார்கள். பொருளைப் பின்னணியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற நல்ல கொள்கை, பின்னணியாகவே வைக்கப்பட்டவளுக்கு எதிராகவும் பேசக்கூடியது. என் வருத்தத்தில் நானே கொஞ்சம் இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படத்திலிருந்து நீக்கப்பட்டவன் நான்.

ஆனாலும் அக்காவின் சொல்லில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்றாள். இறக்கி வைத்தால் பிள்ளை தரையில் நிற்கும், கை நீளும், உடம்பு தானாக நிமிரும். ஸ்டூடியோவில் நடந்தது அதுவல்ல. பாரத்தைச் சுமந்த உடம்பு அப்படியே இருந்தது. பாரம் இருந்ததற்கான சாட்சியத்தை மட்டும் நீக்கினோம். அதன்பின் உடம்பையும் திருத்த வேண்டியதாயிற்று. அத்தை நிமிரவில்லை, நிமிர்த்தப்பட்டாள். அவள் ஓய்வெடுத்த ஒரு மத்தியானத்தில் யாராவது ஒரு படம் எடுத்திருந்தால் அக்கா கேட்டது கிடைத்திருக்கும். எடுக்கவில்லை. எடுக்காதவர்களில் அக்காவும் உண்டு, நானும் உண்டு.

வெட்டியெடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. மாஸ்கோ கால்வாய் ஓரத்தில் ஸ்டாலின் பக்கத்தில் நடந்துவந்த யெஷோவ் 1940இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்து போனார். அவர் நின்ற இடத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்தது. 1952இல் தூக்கிலிடப்பட்ட செக்கோஸ்லோவாக் அமைச்சர் கிளெமென்டிஸ் 1948ஆம் வருஷத்துப் படத்திலிருந்து போன கதையைக் குந்தேரா ஒரு நாவலின் தொடக்கத்தில் சொல்கிறார். அவர் தலைவருக்குக் கழற்றிக் கொடுத்த தொப்பி மட்டும் தலைவரின் தலையில் தங்கிவிட்டது என்று. இவை நமக்கெல்லாம் தெரிந்தவை. தெரிந்தவை என்பதாலேயே நம்மை விட்டுவிடுகின்றன. கொடுங்கோலர்கள் செய்வது, நாம் செய்வதில்லை என்று தள்ளி உட்கார்ந்துவிடலாம். தண்ணீரைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அங்கே ஒரு ஓட்டை விட்டிருந்தால் யாரோ ஒருவர் போயிருக்கிறார் என்று தெரிந்திருக்கும்.

வைசேஷிகர்கள் உலகத்திலுள்ளவற்றை வகைப்படுத்தியபோது இல்லாமையையும், அபாவத்தையும், ஒரு பதார்த்தமாகவே பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். தரையில் குடம் இல்லை என்பதும் அறியப்படுகிற ஒன்று. அந்த இல்லாமைக்கு ஒரு பிரதியோகி உண்டு: எது இல்லையோ அது. குடத்தை அறியாதவனுக்குக் குடத்தின் அபாவமும் தெரியாது. கத்தரியால் வெட்டிய பழைய படங்களில் இந்த அபாவம் இருந்தது. எங்கள் உறவில் ஒரு வீட்டு ஆல்பத்தில், ஓடிப்போன மருமகனின் தலை இருந்த இடம் வட்டமாக ஓட்டை. அந்த ஓட்டை அவரைப் பற்றி அவர் முகத்தைவிட அதிகமாகப் பேசும். 2010இல் வந்த ஃபோட்டோஷாப்பில், ஒன்றை நீக்கினால் சுற்றிலுமுள்ள புல்லையோ சுவரையோ பார்த்து அந்த இடத்தைத் தானாகவே நிரப்பிவிடும் வசதி சேர்ந்தது. ஆளோடு சேர்த்து ஆள் இல்லாமையும் போய்விடுகிறது. பிரதியோகி இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்? ஸ்டூடியோப் பையன் கையால் ஒன்றரை மணி நேரம் செய்ததற்கு இன்று சில வினாடிகள் போதும்.

விளிம்பைத் தீர்மானிப்பதும் அப்படியே கைமாறிவிட்டது. 2022இலிருந்து ஐபோனில் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஆள் தனியாகப் பெயர்ந்து வருகிறார். 2023இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட, எதை வேண்டுமானாலும் பிரித்தெடுக்கும் நிரல், ஒரு கோடியே பத்து லட்சம் படங்களையும் நூறு கோடிக்கு மேற்பட்ட வெட்டுருக்களையும் கொண்டு பழக்கப்பட்டது. அந்த வெட்டுருக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த இயந்திரமே போட்டவை. ஆனால் இந்த மாதிரி இயந்திரங்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் மனிதக் கை இருந்தது. 2014இல் கோகோ என்ற பெயரில் வந்த படத்தொகுப்பில் 3,28,000 படங்கள், அவற்றில் 25 லட்சம் பொருள்கள். ஒவ்வொன்றின் விளிம்பையும் கூலிக்கு ஆட்கள் உட்கார்ந்து குறித்தார்கள். மொத்தத்தில் 70,000 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மனிதன் எங்கே முடிகிறான், நாற்காலி எங்கே ஆரம்பிக்கிறது என்று இயந்திரம் கற்றது முகம் தெரியாத அந்தக் கூலிக்காரர்களின் கையிலிருந்துதான். விளிம்பு இயற்கையில் இருப்பதல்ல, பலர் பலமுறை ஒரே மாதிரி கோடு போட்டதால் ஏற்பட்ட வழக்கு என்று சொன்னால் மறுப்பதற்கு இல்லை.

அந்தத் தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. ஒரு படத்தில் ஒரே வகைப் பொருள் பத்துப் பதினைந்துக்குமேல் போய்விட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டியதில்லை. மிச்சத்தையெல்லாம் ஒரே சாயத்தால் பூசிக் கூட்டம் என்று எழுதிவிடலாம். வேலையைக் குறைக்க வந்த விதி. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் பதினைந்து ஆட்களுக்குப் பிறகு வருகிறவனுக்கு விளிம்பு கிடையாது என்பதைப் படித்தபோது, இது கம்ப்யூட்டருக்கென்று புதிதாகப் போட்ட விதிதானா என்று சந்தேகம் வந்தது. எங்கள் குரூப் போட்டோவில் முப்பது பேருக்குமேல் இருக்கிறார்கள்.

நண்பரின் போனில் அந்தப் படத்தை வைத்து அத்தையின்மேல் விரலை அழுத்திப் பார்த்தேன். அத்தையும் நானும் பிரியாமல் ஒன்றாகவே பெயர்ந்து வந்தோம். எங்களோடு பக்கத்தில் நின்ற மாமாவின் பாதித் தோளும் வந்தது. இயந்திரத்துக்கு உறவு தெரிந்திருக்கிறது என்று சொல்ல ஆசைதான். மாமாவின் தோள் அப்படிச் சொல்லவிடாமல் தடுக்கிறது.

விமர்சனம் எழுதுகிறவர்களும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம். ஒரு கவிதையிலிருந்து இரண்டு வரியைப் பெயர்த்து நம் கட்டுரையின் நீலப் பின்னணியில் வைத்து, பார் எப்படி நிற்கிறது என்கிறோம். அந்த வரி எந்த வரியின் பாரத்துக்கு ஈடாகச் சாய்ந்திருந்ததோ அது போய்விட்டது. வரி கோணலாகத் தெரிந்தால் லேசாகத் திருப்பிக்கொள்கிறோம். நானும் பல கவிதைகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். மேற்கோள் குறி குறைந்தபட்சம் செவ்வகத்தின் நேர்மையை உடையது. மேற்கோள் குறிகூட இல்லாமல் 'இவருடைய கவிதையின் சாரம்' என்று எழுதும்போதுதான் விளிம்பில் வெட்டுகிறோம்.

மூன்றை வைத்து ஏழைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு என்றேன். 1996இல் ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின் இருவரும் காட்டியது. ஒரே பொருளை அசையாமல் வைத்து, நிறம் தெரிந்த இரண்டு வேறு பின்னணிகளுக்கு முன்னால் இரண்டு படம் எடுக்க வேண்டும். இரண்டிலும் மாறாமல் இருப்பது பொருள், மாறுவது பின்னணி, எவ்வளவு மாறுகிறதோ அதிலிருந்து விளிம்பின் விகிதம். அப்போது கணக்கு தீர்ந்துவிடுகிறது. கண்ணாடி டம்ளரைக்கூட ஒரு மயிரிழை பிசகாமல் தனியாக எடுத்துவிடலாம். ஒரே பின்னணியில் மட்டும் பார்த்த ஒன்றைப் பற்றி, அது எங்கே முடிகிறது என்று எவ்வளவு சாமர்த்தியசாலியும் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

அத்தையை நாங்கள் பார்த்தது எங்கள் வீட்டின் முன்னால் மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நாலைந்து புடவைகள், ஒரு விபூதிச் சம்புடம், அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழ். 1974ஆம் வருஷம் ஆங்கில டைப்ரைட்டிங் லோயரில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்திய வருஷம். அப்பாவிடம் கேட்டதற்கு, ஆமாம், ஏதோ இன்ஸ்டிட்யூட்டுக்கு ஆறு மாதம் போய்க்கொண்டிருந்தாள் என்றார்; அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு லீவில் டைப் கற்றுக்கொள்ளப் போய், வீட்டில் மேஜைமேல் விரல்களைத் தட்டித் தட்டிப் பழகியபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சான்றிதழை அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் புகைப்படம் இல்லை.